பரடு

பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பர், முதுமையில் கயிலைக்குக் கால்நடையாகவே கிளம்பினார். வழியில் பாதம் தேய்ந்தது. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. பிறகு மார்பால் ஊர்ந்தார். கடலூர் மாவட்டத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை இருக்க முடியாது. பெரியபுராணத்தில் இதைச் சொல்லவரும் சேக்கிழார், கால் தேய்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்து போவதில்லை. எதுவரை தேய்ந்தது என்று சொல்கிறார். பரடு வரை. கை எதுவரை? மணிக்கட்டு வரை. அதற்கு அவர் வைக்கும் சொல் மணிபந்து.

12-ஆம் நூற்றாண்டில், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்துகொண்டு அவர் அந்த நூலைப் பாடினார் என்பது மரபு. தூணையும் கால் என்று சொல்லும் ஊரில், மனிதக் காலை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

பரடு என்பது கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு முட்டு. அகராதியில் இருக்கிறது, பேச்சிலிருந்து போய்விட்டது. சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முன்பே காரைக்கால் அம்மையார் இந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்; திருவாலங்காட்டுக் காட்டில் உலவும் பேய்மகளின் உருவத்தைச் சொல்லும்போது அவளுடைய பரட்டையும் சொல்கிறார். காரணம் எளிது. சதை வற்றிய உடம்பில் கடைசியாக மிஞ்சிக் கண்ணில் படுவது எலும்பின் மேடுகள். உடம்பு மெலியும், பெருக்கும், நீர் கோத்துக்கொள்ளும். மேடு இடம் மாறாது. வெள்ளத்தில் வரப்பு கரைந்துபோன வயலில் சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து சங்கிலி போட்டு அளப்பார்களே, மருத்துவரின் விரலும் உடம்பில் அப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் கல். பிறகு அதிலிருந்து இத்தனை விரல் தள்ளி நரம்பு, இத்தனை விரல் தள்ளி ரத்தக் குழாய்.

இனி இந்த அத்தியாயத்தை வெறுங்காலோடு படியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் தொடைமேல் வைத்துக்கொண்டால் வசதி.

கட்டைவிரலை உள்பரட்டிலும் ஆள்காட்டி விரலை வெளிப்பரட்டிலும் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரே எலும்பின் இரண்டு முனைகள் போல இருக்கும். உண்மையில் அவை இரண்டு வேறு எலும்புகள். உள்ளே இருப்பது கணைக்காலின் பருத்த எலும்பான டிபியாவின் அடி. வெளியே இருப்பது அதற்குத் துணையாக ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய ஃபிபுலாவின் அடி. இரண்டும் ஒரே மட்டத்திலும் இல்லை. வெளிப்பரடு உள்பரட்டைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. கொஞ்சம் பின்தள்ளியும் இருக்கிறது. இருபது வயதில் இதை ஒருவர் என் காலிலேயே தொட்டுக் காட்டும்வரை எனக்குத் தெரியாது. இருபது வருடம் அந்தக் காலிலேயே நடந்திருக்கிறேன்.

அந்த ஒரு சென்டிமீட்டரில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. கணுக்கால் மூட்டு ஒரு கவ்வி போன்றது. மேலிருந்து இரண்டு பரடுகளும் இரு கன்னங்களாக இறங்கி, நடுவில் ஓர் எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த நடு எலும்புக்குத் தாலஸ் என்று பெயர். உடம்பின் எடை முழுவதும் அதன் தலையில்தான் இறங்குகிறது. ஆனால் ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. மேலே கவ்வி, கீழே குதிகால் எலும்பு, சுற்றிலும் ஜவ்வு, இவை வைத்த இடத்தில் அது இருக்கும். கவ்வியின் வெளிக்கன்னம் நீளம், உள்கன்னம் குட்டை. அதனால் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் நீளமான கன்னம் மறித்துக்கொள்ளும். உள்பக்கமாகப் புரண்டால் தடுக்க அவ்வளவு எலும்பு இல்லை. வெளிப்பரட்டிலிருந்து பாதத்துக்கு ஓடும் ஜவ்வுதான் அந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டும். கால் பிசகியவர்களில் பெரும்பாலோர் வெளிப்பரட்டுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்பது இதனால்தான்.

தாலஸில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் மேல்முகம் முன்னால் அகலம், பின்னால் குறுகல். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தரையில் ஊன்றி நிற்கும்போது அகலமான முன்பகுதி கவ்விக்குள் ஏறி ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. குதிகால் எழும்பி, பாதம் கீழ்நோக்கி நீண்டால் குறுகலான பின்பகுதி உள்ளே வருகிறது. கவ்வி தொளதொளத்துப் போகிறது. படி இறங்கும்போது, உயரக் குதிகால் செருப்பு போட்டிருக்கும்போது, குதித்து இறங்கும்போது கால் பிசகுவது அந்தக் கணத்தில்தான்.

இதைத் தெரிந்துகொண்டு சிற்றம்பலத்து நடராசரைப் பாருங்கள். வலக்கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது, இடக்கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. ஊன்றிய கால் நேராக விறைத்து நிற்கவில்லை. முழங்கால் மடங்கி, பாதம் முழுவதும் பதிந்து நிற்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் ஒருவருக்குக் கணுக்கால் அதிகபட்ச உறுதியோடு இருக்கக்கூடிய நிலை இதுதான். பரதநாட்டியத்தின் அரைமண்டியும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. சோழர் காலத்துக் கொல்லர் தாலஸை அறுத்துப் பார்த்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆடுகிறவர்களின் காலை அவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறார். ஆடுகிறவர்கள் விழாமல் நிற்கும் இடத்தைத் தங்கள் காலாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சிற்பத்தில் பரடு அநேகமாகத் தெரியாது. எலும்பும் நரம்பும் துருத்தாமல், கணுக்கால் மறைந்து வழவழப்பாக இருப்பதே உத்தம லட்சணம் என்றது சாமுத்திரிகம். சிற்பி மறைத்த எலும்பைப் புலவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்த விஷயத்தில் நான் புலவர் பக்கம்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் உள்பக்கச் சுவர் நெடுகிலும், கரணம் என்ற நடன அசைவுகளைக் காட்டும் சிற்பங்கள் இருக்கின்றன. கரணங்களின் மொத்தக் கணக்கு 108. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களுக்கு உரிய நாட்டிய சாஸ்திர சுலோகங்களையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றதும் இதே ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். அந்தச் சிற்பங்களில் முகத்தையும் கையையும் விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தால் வேறொரு உலகம் திறக்கும். நாட்டிய சாஸ்திரம் பாதத்தின் நிலைகளை ஐந்தாக வகுக்கிறது. அதில் ஒன்று குஞ்சிதம்: குதிகால் எழும்பி, விரல்கள் மடங்கி, நடுப்பாதம் வளைந்த நிலை. ஆண்டவனின் தூக்கிய திருவடிக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர் வந்த சொல் இதுதான். மேலே சொன்ன கணக்கில், கவ்வி தளர்ந்திருக்கும் நிலையும் இதுதான். தூக்கிய காலில் அது அழகு. அதே நிலையில் அந்தக் கால்மேல் உடம்பின் எடை இறங்கினால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் ஒருநாள் நடனமாடிக்கொண்டிருந்தார். குதிகால் தரையைவிட்டு எழும்பியிருந்த கணத்தில் எடை பாதத்தின் வெளி விளிம்பில் இறங்கியது. பாதத்துக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது போல உணர்ந்தார். முதலில் தசைநாண் அறுந்ததாகவே நினைத்தார். அடி எதுவும் படவில்லை, கல் மேலே விழவில்லை, வண்டி ஏறவில்லை. எலும்பு உடைய என்ன இருக்கிறது என்பதுதான் அன்றைய மருத்துவ அறிவு. ஆனால் ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரை 1895-இல் கண்டுபிடித்திருந்தார். அதைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த முதல் மருத்துவர்களில் ஜோன்ஸும் ஒருவர். படம் எடுத்துப் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளி ஓரமாக ஓடும் நீள எலும்பு உடைந்திருந்தது. தன்னுடையதைப் போன்ற மற்றச் சில கால்களையும் சேர்த்து 1902-இல் எழுதினார். மருத்துவ உலகம் அந்த முறிவுக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

அந்த எலும்பை உங்கள் காலில் தொடலாம். பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கி விரலை இழுத்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறையப் பாதிவழியில் ஒரு முட்டு தட்டுப்படும். புதுச் செருப்பு கடிக்கும் இடங்களில் ஒன்று அது. ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதி. வெளிப்பரட்டின் பின்னாலிருந்து வரும் ஒரு தசைநாண் அங்கேதான் வந்து கட்டிக்கொள்கிறது. கால் உள்பக்கமாகப் புரளும்போது அந்த முட்டின் நுனி பெயர்ந்துவிடுவதுண்டு. அது பெரும்பாலும் சுலபமாகக் கூடிவிடும். நுனியிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் முன்னால் உடைந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்குக் கூடாமலே போய்த் திருகு போட வேண்டியிருக்கும். ஒரே எலும்பு, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். விரல்நுனிக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

எனக்கே ஒருமுறை நடந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஓடும் பேருந்திலிருந்து அவசரமாக இறங்கி, தண்ணீர் மூடிய பள்ளத்தில் காலை வைத்தேன். பாதம் உள்பக்கமாக மடங்கியது. பத்து நிமிடத்தில் வெளிப்பரடு காணாமல் போனது. அந்த இடத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வீக்கம். பக்கத்துக் கடைக்காரர் நீவிவிடுகிறேன் என்றார், இன்னொருவர் புத்தூர்க் கட்டு என்றார். நான் போனது ஒரு சின்ன கிளினிக்கிற்கு. அங்கே இருந்த மருத்துவர் இளம்பெண். வீக்கத்தைப் பார்த்து அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“எழுந்து நாலு அடி வைங்க சார்.”

வைத்தேன். நொண்டியபடிதான், ஆனால் வைத்தேன்.

பிறகு என் காலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வீங்கிய இடத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வந்தார். வெளிப்பரட்டின் பின் விளிம்பு, மேலிருந்து நுனிவரை. உள்பரட்டின் பின் விளிம்பு, அதேபோல. பாதத்தின் வெளி ஓரத்து முட்டு. கடைசியாகப் பாதத்தின் உள்பக்கம், உள்பரட்டுக்கு இரண்டு விரல் முன்னால், சற்றுக் கீழே இருக்கும் இன்னொரு முட்டு. ஒவ்வோர் இடத்திலும் என் முகத்தைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை.

“எங்கேயும் எலும்பு வலிக்கல இல்ல? எக்ஸ்ரே வேணாம் சார். ஜவ்வு இழுத்திருக்கு. ஐஸ் வைங்க, காலைத் தூக்கி வைங்க. அஞ்சு நாள் கழிச்சும் ஊன்ற முடியலன்னா வாங்க.”

அந்த நான்கு இடங்களும் நான்கு அடிகளும் அவருடைய சொந்த யோசனை இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கனடாவில் ஒட்டாவா நகரத்து அவசர சிகிச்சை மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையில் ஒரு குழு, கால் பிசகி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு உடைவதில்லை, ஆனாலும் அநேகமாக எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து, யாருக்கு உண்மையில் தேவை என்று தேடியது. 1992-இல் அவர்கள் வெளியிட்டு, பிறகு செம்மைப்படுத்திய விதி இது. இரண்டு பரடுகளின் பின் விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் அல்லது நுனி, ஐந்தாம் பாத எலும்பின் அடி, பாதத்தின் உள்பக்கத்துப் படகெலும்பு. இவற்றில் எங்கும் அழுத்தினால் வலி இல்லை, அடிபட்டவுடனோ இப்போதோ நான்கு அடி வைக்க முடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. பல நாடுகளில் பல்லாயிரம் கால்களில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. உண்மையான முறிவை இந்த விதி தவறவிடுவது மிக அரிது. எக்ஸ்ரே படங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள எந்த எந்திரமும் செய்யாததை ஒரு கட்டைவிரல் செய்கிறது. அதற்கு அந்த விரல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஏன் பின் விளிம்பு? முன்பக்கம்தான் ஜவ்வு கிழிந்து வீங்கும் இடம். அங்கே அழுத்தினால் எல்லோருக்கும் வலிக்கும், எதுவும் தெரியாது. பின் விளிம்பில் எலும்பும் தோலும்தான். அங்கே வலித்தால் எலும்பு பேசுகிறது என்று அர்த்தம்.

படகெலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. படகு போலக் குழிந்திருப்பதால் அந்தப் பெயர். பாதத்தின் உள்பக்க வளைவை மேலே தூக்கிப் பிடிக்கும் தசைநாண்களில் முக்கியமானது வந்து கட்டும் இடம் அதன் முட்டு. ஈரப் பாதத்தோடு சிமெண்ட் தரையில் நடந்தால், நடுவில் குறுகி விழும் தடம் உள்ளவருக்கு அந்த முட்டு தரைக்கு நன்றாக மேலே நிற்கிறது. முழுப் பாதமும் பதிந்தால் அது இறங்கியிருக்கிறது.

இனி மேலே போவோம். உள்பரட்டிலிருந்து கணைக்காலின் முன்பக்கமாக விரலை ஏற்றிக்கொண்டே வந்தால் முழங்கால்வரை ஒரே எலும்பு, தோலுக்கு அடியில் மெத்தை எதுவும் இல்லாமல். இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்ளும் இடம். பின்னால் கெண்டைமீன் வயிறு போலப் புடைத்திருக்கும் கெண்டைக்கால் சதைக்கு அடிபட்டால் தாங்கும். முன்னால் எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்வில் வலி நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன, உயிர் போகும். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கணு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை: இரண்டு கணுக்களுக்கு நடுவே வழவழப்பு, கணுவில் மேடு. கணுக்கால் என்று பெயர் வைத்தவர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

மேலே போகப்போக, முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே, நட்டநடுவில் ஒரு மேடு. தொடைத் தசையின் இழுப்பு முழுவதும் சில்லு வழியாக வந்து அங்கே கட்டுகிறது. அந்த மேட்டிலிருந்து கொஞ்சம் கீழே, உள்பக்கமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, தட்டையாக ஓர் இடம் இருக்கும். வயிற்றுப்போக்கில் துவண்டு, நாடி விழுந்து, ஒரு ரத்தக் குழாயும் அகப்படாத குழந்தையை அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரும்போது, தேர்ந்த மருத்துவர் அந்த இடத்தில் ஊசியை எலும்புக்குள்ளேயே இறக்குவார். குழாய்கள் ஒட்டிப்போகும், எலும்பு ஒட்டிப்போகாது. மஜ்ஜைக்குள் விட்ட நீர் நொடிகளில் இதயத்துக்குப் போய்ச் சேரும். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது கொடுமையாகத் தெரியும். அந்த ஊசி நிற்கும் இடத்தை ஒரு மேட்டிலிருந்து விரல்கணக்கில் அளந்தவர்களுக்கு எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன. பெரியவர்களுக்கும் இதே மாதிரி ஒரு நம்பகமான இடம் உண்டு: உள்பரட்டுக்குச் சற்று முன்னால் ஏறிப்போகும் நீளமான சிரை. பைபாஸ் அறுவை செய்துகொண்ட அப்பாக்களின் காலில், கணுக்காலில் தொடங்கி மேலே போகும் தழும்பு அதை எடுத்த வழிதான்.

இப்போது முழங்காலின் வெளிப்பக்கம். சில்லின் கீழ் விளிம்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பின்தள்ளி, உருண்டையாக ஒரு முட்டு அகப்படும். ஃபிபுலாவின் தலை. இந்த அத்தியாயத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்தத் தலைக்குக் கீழே, கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியில் ஒரு நரம்பு போகிறது. விரலை எலும்பின்மேல் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் உருட்டினால் கயிறு மாதிரி நழுவும். சிலருக்குப் புறங்காலில் சுரீர் என்று மின்சாரம் ஓடும். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு உத்தரவு அந்த நரம்பு வழியாகத்தான் போகிறது. இறுக்கமாகப் போட்ட மாவுக்கட்டு, அந்த இடத்தில் விழுந்த அடி, மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்காருவது, எதுவும் அதை நசுக்கலாம். நசுங்கினால் பாதம் தொங்கிவிடும். நடக்கையில் செருப்பு நுனி தரையில் தட்டும்.

தொழுநோய்க் கிருமி குறிவைக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஊழியர், தோலில் தேமலைத் தேடியதோடு நிற்காமல், முழங்காலின் வெளிப்பக்கம் கைவைத்து அந்தக் கயிறு தடித்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிகளின் மகனாகப் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பிவந்த பால் பிராண்ட், இந்தத் தொங்கும் பாதங்களுக்கும் மடங்கிய கைகளுக்கும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து உயிர் கொடுத்தவர். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அவர் செய்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, சதை அழுகவில்லை, வலி தெரியாததால் காயம்படுகிறது என்று காட்டினார். உணர்ச்சி உள்ளவர் பாதத்தில் ஓரிடம் நொந்தால் தம்மை அறியாமலே எடையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வார். உணர்ச்சி அற்றவர் மாற்றமாட்டார். எடை ஒரே எலும்பு மேட்டில் நாள் முழுவதும் இறங்கும், பெரும்பாலும் பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் உருண்டை முனையில். உள்ளே எலும்பு, வெளியே தரை. நடுவில் சதை நைந்துபோகும்.

இன்று அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு, நான் மேலே பாராட்டிய ஒட்டாவா விதி பொருந்தாது. உடைந்த எலும்பு அவருக்கு வலிக்காது. நான்கு அடியென்ன, நாற்பது அடியும் நடப்பார். பங்குனி வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு வலம்வந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் கொப்புளம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. வெளிப்பிராகாரத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று அரசு மருத்துவமனைகளில் கேட்டால் சொல்வார்கள். மெத்தென்ற அந்த ரப்பர் எடையை மேடுகளிலிருந்து பாதம் முழுவதற்கும் பரப்பிவிடும். என் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை அழகாக இல்லை என்று ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு விரலை இழந்தார். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

எலும்பு நம்மைத் தாங்குவது ஒரு பக்கம். நாம் உட்கார்ந்த விதத்தையும் அது எழுதி வைத்துக்கொள்கிறது. லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த ஹேவ்லாக் சார்லஸ், 1893-இல் பஞ்சாபிகளின் கால் எலும்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டிபியாவின் அடி விளிம்பில், முன்பக்கம், சின்னதாக வழவழப்பான ஒரு தளம். அதற்கு நேர் எதிரே தாலஸின் கழுத்திலும் அதேபோல ஒன்று. ஐரோப்பியர் எலும்பில் அவை அபூர்வம். குதிகாலைத் தரையில் பதித்துக் குத்துக்காலிட்டு உட்காரும்போது அந்த இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று தொடும்; நாள்தோறும் தொட்டுத் தொட்டு அந்தத் தளங்கள் உண்டாகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த எலும்புகள் ஒருநாளும் சந்திப்பதில்லை. தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூட்டில் இந்தத் தளத்தைப் பார்த்தே, இவர் தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர் என்று சொல்கிறார்கள். நியாண்டர்தால் மனிதரின் எலும்பிலும் அது இருக்கிறது.

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏழு மணிக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்பனாற்று ஓரம் படகுகள் வந்து சேர்ந்து, கூடைகள் இறங்கி முடிந்திருக்கும். ஓரமாக வரிசையாக அமர்ந்து மீன் அரிந்து கொடுக்கும் பெண்களில் ஒருவரிடம் ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு நின்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலப்பாதத்தால் அரிவாள்மணைப் பலகையை மிதித்துப் பிடித்திருந்தார். புறங்கால் கணைக்காலோடு மடிந்து, பரடுகள் இரண்டும் தண்ணீரில் பளபளத்தன. முழுப் பாதமும் தரையில். கவ்விக்குள் ஆப்பு இறுகி, எலும்பு எலும்பின்மேல் சாய்ந்து, தசைக்குப் பெரிதாக வேலையே இல்லாத ஓர் இருக்கை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் இப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன்.

“விடியக்காலம் உட்கார்ந்தா ஒன்பது ஆயிடும்ண்ணே.”

“கால் வலிக்காதாக்கா?”

“உட்கார்ந்திருக்கிறப்ப ஒண்ணும் இல்லண்ணே. எந்திரிக்கிறப்பதான். வெளிப்பக்கம் மரத்துப்போயிடும், பாதம் தூக்க வராது. கொஞ்ச நேரம் தட்டிவுட்டா சரியாப் போயிடும்.”

அரிந்த மீனை உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஈரக் கையாலேயே முழங்காலின் வெளிப்பக்கம், சில்லுக்குச் சற்றுக் கீழே, அந்த உருண்டை முட்டைச் சுற்றி நாலைந்து தட்டுத் தட்டினார். சரியாக நரம்பு போகும் இடம். பிறகு குதிகாலை ஊன்றிக்கொண்டு பெருவிரலை மேலே தூக்கிப் பார்த்தார். முதல் முறை வரவில்லை. இரண்டாவது முறை வந்தது. வெறும் கூடையை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் நடந்தார்.